மலைவீட்டை விற்றுவிட்டுப் பயணம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கு 66 வயது, வங்கி ஓய்வூதியர். மதுரையில் சொந்த வீடு இருக்கிறது. 1999இல் கொடைக்கானலை அடுத்த வில்பட்டிப் பக்கம் 20 சென்ட் இடத்தை இருவர் பணத்திலும் இருவர் பெயரிலும் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வாங்கினோம். 2003-04இல் 6 லட்சம் செலவில், இரண்டு அறைகளும் கணப்படுப்பும் உள்ள சிறிய ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினோம். எங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. மகளின் பத்தாவது பிறந்தநாளில் நட்ட பிளம்ஸ் மரம் இன்றும் காய்க்கிறது.

ஆனால் இப்போது அந்த வீடு எங்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது. போன வருடம் 14 முறை போய் 31 இரவுகள் தங்கினோம். அவற்றில் ஒன்பது இரவுகளில்தான் ஓடு மாற்றுவது, குழாய் சரிசெய்வது, ஆள் தேடுவது என்ற வேலை எதுவும் இல்லாமல் இருந்தோம். காவலுக்கு இருப்பவர் 18 வருடங்களாக எங்களோடு இருக்கிறார். மாதம் 9,000 கொடுக்கிறோம். கைலாயம், நர்மதைக் கரை, அங்கோர் வாட், டொராண்டோவில் இருக்கும் மகளின் வீட்டில் ஒரு கோடைக்காலம் என்று நாங்கள் எழுதி வைத்த பட்டியல் அப்படியே இருக்கிறது. ஒருவர் 85 லட்சத்துக்குக் கேட்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் விற்கச் சொல்கிறான். மகள் அழுகிறாள். கணவரைக் கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்கிறார். அங்கே போனால் நாள் முழுவதும் சுறுசுறுப்பாக எதையாவது பழுது பார்ப்பவர், மதுரையில் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிடுகிறார். 2018இல் குறிஞ்சி பூத்தபோது, அடுத்த முறையும் இந்த வாசலிலிருந்தே கிளம்பிப் போய்ப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டோம். விற்றால் பிற்பாடு வருந்துவோமா?

- ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது 85 லட்சம் என்ற தொகைதான் கண்ணில் பட்டது. என் தொழில் நிதி ஆலோசனை என்பதால் அது இயல்பு. இரண்டாம் முறை படித்தபோது ‘ஒன்பது இரவுகள்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். வருடத்துக்கு 14 முறை மலை ஏறி இறங்கி, நிம்மதியாக இருந்தது ஒன்பது இரவுகள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அப்படி எண்ணத் தொடங்கியவர் மனத்தளவில் பாதி முடிவுக்கு வந்துவிட்டவர் என்றே நான் நினைக்கிறேன். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், உங்கள் கணவர் ‘உன் இஷ்டம்’ என்ற அந்தச் சொல்லைத் தாண்டி வேறொரு பதில் சொல்லும் வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் வாங்காதீர்கள்.

அந்த ஒன்பது என்பது நீங்கள் எண்ணிய எண்ணிக்கை. அவரை எண்ணச் சொன்னால் வேறு எண் வரக்கூடும். குரங்கு புரட்டிப்போட்ட ஓட்டை ஏணி வைத்து மாற்றிய நாளும், மண் சரிந்த வேலியோரத்தில் கல் அடுக்கிய நாளும் உங்களுக்கு இழப்புக் கணக்கில் இருக்கின்றன. அவருக்கு அவை அந்த மாதத்தின் நல்ல நாள்களாக இருந்திருக்கலாம். முப்பது, நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆண்களில் பலருக்கு, தன் கையால் ஒன்று சரியாகிறது என்ற உணர்வு கிடைக்கும் இடம் ஒன்று வேண்டியிருக்கிறது. அவருக்கு அந்த இடம் வில்பட்டி. அதை விற்றுவிட்டு, வருடத்தில் 60 நாள் பயணம் போனாலும் மீதி 300 நாள் அவர் மதுரையில் என்ன செய்வார் என்ற கேள்வி உங்கள் கடிதத்திலேயே விடை இல்லாமல் கிடக்கிறது. பயணத்தால் அந்த 300 நாள்களை நிரப்ப முடியாது.

அதனால் அவரிடம் ‘விற்கலாமா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘அங்கே போனால் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?’ என்று கேளுங்கள். தோட்டம் என்றால் மதுரையைச் சுற்றிலும், மாடியிலேயேகூட, அதற்கு வழி இருக்கிறது. தச்சு வேலை, மின் வேலை என்றால் வீட்டில் ஒரு பட்டறை மூலையை ஒதுக்கலாம். குளிரும் தனிமையும்தான் என்றால் வருடத்தில் மூன்று வாரம் ஏதாவது ஒரு மலையில் அறை எடுத்துத் தங்கினால் போதும். ‘நான் கட்டிய வீடு’ என்பதுதான் விடை என்றால், அதற்கு ஈடு எதுவும் கிடையாது. அப்போது அவருக்குக் கொஞ்ச காலம் கொடுக்கத்தான் வேண்டும். இந்தப் பேச்சைக் கொடைக்கானலில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அவர் கண்ணில் ஏதேனும் ஒரு விரிசல் பட்டுவிடும், எழுந்து போய்விடுவார். மதுரையில், ஒரு காலை நேரத்தில் பேசுங்கள்.

இனி, ஏன் விற்கலாம் என்கிறேன் என்பதைச் சொல்கிறேன். பணக் கணக்கு ஒரு காரணம்தான், முதற்காரணம் அல்ல. காவலுக்கு இருப்பவரின் சம்பளம் வருடத்துக்கு 1 லட்சத்து 8 ஆயிரம். வீட்டு வரி, மின்கட்டணம், தண்ணீர் என்று 12 ஆயிரமும், ஓடு, வெள்ளையடிப்பு, குழாய், வேலி ஆகியவற்றுக்குச் சராசரியாக 60 ஆயிரமும், 14 முறை போய்வர எரிபொருளும் சாப்பாடுமாக 84 ஆயிரமும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 2 லட்சத்து 64 ஆயிரம். 31 இரவுகளால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 8,500 ரூபாய். உங்கள் சொந்தக் கணக்கு இதைவிடச் சற்றுக் கூடலாம், குறையலாம். இதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. பிடித்த வீட்டுக்குச் செலவழிப்பது வீண் செலவும் அல்ல. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது இதையே கணக்குப் போட்டிருந்தால், அந்தக் காசுக்கு அதைவிட நல்ல செலவு வேறு இருந்திருக்காது.

முதற்காரணம் வயது. இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லாமல் விடுவது உங்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாய மானசரோவர் யாத்திரைக்கு 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களே விண்ணப்பிக்கலாம். 2019க்குப் பிறகு நின்றுபோயிருந்த அந்த யாத்திரை, லிப்புலேக், நாது லா ஆகிய இரு வழிகளிலும் 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆள்களைக் கணினிக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வானாலும் மருத்துவப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். கைலாயத்தை வலம்வரும் பாதையில் உள்ள டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல் உயரமானது. உங்கள் கணவருக்கு 66 என்றால், அந்த வாசல் அவருக்குத் திறந்திருப்பது இன்னும் நான்கு பருவங்களுக்குத்தான். முதல் விண்ணப்பத்திலேயே இடம் கிடைத்துவிடும் என்ற உறுதியும் இல்லை. அமர்நாத் யாத்திரைக்கும் இன்று 70 வயதுதான் உச்சவரம்பு. அங்கோர் வாட்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. ஆனால் நடுக்கோபுரத்துக்கு ஏறும் செங்குத்தான படிகளை 63 வயது முழங்காலோடு ஏறுவதும் 73 வயது முழங்காலோடு ஏறுவதும் ஒன்றல்ல.

என் பெற்றோருக்கும் இப்படியொரு வீடு இருந்தது, கம்பத்துக்குப் பக்கத்தில். அம்மாவுக்குக் காசிக்கும் கயாவுக்கும் போக வேண்டும் என்ற ஆசை. திராட்சைக் கொடி, கிணற்று மோட்டார், பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு என்று ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று வந்து, ‘இந்த வேலை முடியட்டும்’ என்று தள்ளிப்போனது. கடைசியில் அந்த வீட்டை விற்றபோது நல்ல விலை கிடைத்தது. அம்மாவால் அப்போது ரயில் பெட்டியின் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபின் என்னிடம் வருவோரின் கணக்கில் பணத்தைப் பார்க்கும் முன்பு வயதைப் பார்க்கத் தொடங்கியது அதனால்தான்.

‘விற்காமலே பயணம் போகலாமே, வீட்டை விருந்தினர் இல்லமாக விடலாமே’ என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்பேன். அதற்குச் சுற்றுலாத் துறையின் பதிவு வேண்டும். வரும் ஆள்களின் விவரம், துணிமணி, சமையல், குப்பை என்று ஒவ்வொன்றையும் யாராவது பார்க்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தபின், மலைக்கு வருபவர்களுக்கும் கூடுதலாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. நீங்கள் லடாக்கில் இருக்கும்போது ‘அம்மா, வெந்நீர் வரவில்லை’ என்று வில்பட்டியிலிருந்து தொலைபேசி வரும். வீடு உங்களிடம் கேட்பது பணத்தைவிடக் கவனத்தைத்தான். வாடகைக்கு விட்டால் அது கேட்கும் கவனம் இரட்டிப்பாகும். மகன் பொறுப்பேற்பானா என்று ஒரு முறை வெளிப்படையாகக் கேளுங்கள். அவன் விற்கச் சொல்வதே அதற்கான பதில் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மகளின் விஷயம் அப்படி விரைவாகக் கடந்து போகக்கூடியதல்ல. அவள் அழுவது சொத்துக்காக அல்ல. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு ஊர் என்பது பெரும்பாலும் ஒரு வீடாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வீடு இருக்கும் வரை தான் முழுவதுமாகப் போய்விடவில்லை என்ற தைரியம் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால், அந்தத் தைரியத்தின் செலவை நீங்கள் இருவரும் மாதாமாதம் மலை ஏறிச் செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்பது டொராண்டோவில் இருப்பவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மேலே எழுதிய 14, 31, 9 ஆகிய எண்களை அவளிடம் சொல்லுங்கள். ‘எனக்கே கொடுத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவள் முன்வந்தால், முதலில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியருக்கு வீட்டையும் மனையையும் தானமாகக் கொடுக்கலாம்; விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை அந்நியச் செலாவணி விதிகளின்படி தானமாகக் கொடுக்க இயலாது, வாரிசுரிமையாக மட்டுமே அது அவர்களைப் போய்ச் சேரும். மலைப்பகுதியில் வீடு நிற்கும் இடமேகூடப் பழைய பதிவேட்டில் புஞ்சை என்றே இருப்பதுண்டு. ஆகவே, சட்டப்படி முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தவறான யோசனைகள் அதிகம் கிடைக்கின்றன. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீடு என்பதால் உங்களுக்கு வருவது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் விற்பவர்களுக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கச் சரிக்கட்டல், அதாவது விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் கணக்கிடுவது, கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய இந்தியக் குடியிருப்பாளர்களுக்குப் பழைய முறையில், அதாவது பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதம் என்று கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அதைச் செலுத்தும் வசதி உண்டு. ‘பழைய வீடு என்றால் பழைய முறைதான் லாபம்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்களுக்கு அது பொருந்தவில்லை.

நிலத்தை 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருப்பதால், அன்றைய சந்தை மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல், வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர் ஒருவரிடம் சான்று வாங்க வேண்டும். அது 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு 6 லட்சம். 2003-04இன் பணவீக்கக் குறியீடு 109. 2025-26இன் குறியீடு 376. அப்படிச் சரிக்கட்டினால் நிலம் 7 லட்சத்து 52 ஆயிரமாகவும் கட்டடம் ஏறத்தாழ 20 லட்சத்து 70 ஆயிரமாகவும் ஆகும். 85 லட்சத்திலிருந்து கழித்தால் ஆதாயம் 56 லட்சத்து 78 ஆயிரம். அதற்கு 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதத் தீர்வையும் (செஸ்) சேர்த்து 11 லட்சத்து 81 ஆயிரம். புதிய முறையில் ஆதாயம் 77 லட்சம்; வரியும் தீர்வையும் சேர்த்து 10 லட்சத்துச் சொச்சம். புதிய முறையில் 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம். நீங்கள் விற்கும் ஆண்டின் குறியீட்டையும் விதிகளையும் வைத்து ஒரு பட்டயக் கணக்காளரிடம் இதை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இருவர் பணத்தில் இருவர் பெயரில் வாங்கியது இன்று உங்களுக்கு உதவுகிறது. ஆதாயம் ஆளுக்கு 38 லட்சத்து 50 ஆயிரமாகப் பிரிவதால், ஓய்வூதியத்தைச் சேர்த்தாலும் ஒவ்வொருவர் வருமானமும் 50 லட்சத்தைத் தாண்டாது. ஒருவர் பெயரில் மட்டும் இருந்திருந்தால் 10 சதவீத மேல்வரியும் விழுந்து, ஒரு லட்சம் கூடுதலாகப் போயிருக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆதாயத்தை ஒருவர் கணக்கிலேயே காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியே கட்டாமல் இருக்க இரண்டு வழிகள் சொல்வார்கள். முதலாவது, இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த ஆதாயத்தில் வேறொரு வீடு வாங்குவது. 10 லட்சத்தை மிச்சப்படுத்த இன்னொரு கூரையையும் இன்னொரு குழாயையும் வாங்குவது உங்கள் நோக்கத்துக்கு நேர் எதிரானது. மற்றொன்று, ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் ஆளுக்கு 50 லட்சம் வரை போடுவது. இது நல்ல வழிதான். ஆனால் பணம் ஐந்து ஆண்டுகள் கட்டுண்டு கிடக்கும். வட்டி ஐந்தேகால் சதவீத அளவில்தான். நீங்கள் மிச்சப்படுத்துவது மொத்தத்தில் 13 சதவீத வரி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் 8.2 சதவீத வட்டியோடு ஒப்பிட்டால் ஐந்து ஆண்டுகளில் நீங்கள் இழக்கும் வட்டி ஏறக்குறைய 15 சதவீதம். நிதி நோக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றால், உங்கள் கணவருக்கு 66லிருந்து 71 வரையான அந்த ஐந்து ஆண்டுகளில் பணத்தைப் பூட்டி வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வரியைக் கட்டிவிட்டு விடுதலையாக இருங்கள்.

வாங்குபவர் 85 லட்சம் என்று சொல்லிவிட்டுப் பத்திரத்தில் 45 லட்சம் போடலாம் என்பார். சம்மதிக்கவே வேண்டாம். நிலம் கைமாறும்போது 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விழக்கூடும். அதைவிட, ரொக்கமாக வந்த 40 லட்சத்தை வைத்துக்கொண்டு நீங்கள் சேமிப்புத் திட்டத்திலும் போட முடியாது, கனடா விசாவுக்கு வங்கிக் கணக்காகக் காட்டவும் முடியாது. முழு விலையும் வங்கி வழியாக வரட்டும். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்தம் செய்து உங்கள் பெயரில் செலுத்த வேண்டும். அதற்கான சான்றை இருவருக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

முன்பணம் வாங்கும் முன் ஆவணங்களை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். தாய்ப்பத்திரம், இருவர் பெயரிலும் பட்டா, புல வரைபடம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது ஆகியவற்றோடு, 2003இல் கட்டியபோது வாங்கிய கட்டட அனுமதியும் வேண்டும். கொடைக்கானலில் அனுமதி இல்லாத கட்டடங்கள் தொடர்பாக நீதிமன்றம் வரை போய்ப் பூட்டி முத்திரை வைத்த நிகழ்வுகள் உள்ளன. ஆகவே விவரம் தெரிந்தவர் அந்த ஒரு தாளைத்தான் முதலில் கேட்பார். மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வரும் கிராமமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறை இருந்தால் அதை மறைத்து விற்காமல், சரிசெய்துவிட்டோ சொல்லி விலையைக் குறைத்தோ விற்பதுதான் உங்கள் தூக்கத்துக்கு நல்லது. அளந்து பார்க்கும்போது 20 சென்ட் என்பது 19ஆக இருப்பதும், வேலி பக்கத்து நிலத்துக்குள் போயிருப்பதும் மலையில் வழக்கம். பேச்சு முற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

காவலுக்கு இருப்பவரைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் தரகர் மூலம் செய்தி போகக்கூடாது. விலை பேசுவதற்கு முன்பே நீங்கள் இருவரும் போய் அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லுங்கள். 18 ஆண்டு உழைப்புக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்குப் பணிக்கொடைக்கான சட்ட விதியின் கணக்கை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மீது அது சட்டக் கட்டாயம் அல்ல. மாதச் சம்பளம் 9,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 18 ஆண்டுகளால் பெருக்கினால் ஏறத்தாழ 93 ஆயிரம் வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு லட்சம் கொடுப்பேன். பனி உறையும் மார்கழியில் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் வைத்திருந்தவர் அவர். வாங்குபவர் அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வாரா என்பதையும் விலையோடு சேர்த்தே பேசுங்கள். அவர் அங்கேயே குடியிருந்தால், அவருக்கு மாற்று இடம் அமையும் வரை வீட்டை ஒப்படைக்கும் தேதியைத் தள்ளி வையுங்கள்.

வரி 10 லட்சம், தரகு 2 சதவீதம் என்றால் 1 லட்சத்து 70 ஆயிரம், இந்த 2 லட்சம் எல்லாம் போக, கையில் ஏறத்தாழ 71 லட்சம் நிற்கும். இதை முழுவதும் பயணப் பணம் என்று நினைக்காதீர்கள். 15 லட்சத்தை மருத்துவத்துக்கென்று, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய வைப்பாகப் போட்டு, அதை மறந்துவிடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் வரை அனுமதி உண்டு. ஏற்கெனவே போட்டிருக்காவிட்டால் ஆளுக்கு 20 லட்சம் போடுங்கள். 8.2 சதவீதத்தில் வருடத்துக்கு 3 லட்சத்து 28 ஆயிரம் வட்டி வரும். அதற்கு வரி உண்டு. மீதி 16 லட்சத்தை நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 4 லட்சம் என்று ஒதுக்குங்கள். வீட்டுக்குச் செலவழித்து வந்த 2 லட்சத்து 64 ஆயிரமும் மிச்சமாவதால், முதல் நான்கு ஆண்டுகளில் பயணத்துக்கென்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அசல் 55 லட்சம் அப்படியே இருக்கும்.

நான்கு ஆண்டுகள் என்று சொல்வதன் காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். உயரமானதையும் கடினமானதையும் முதலில் முடித்துவிடுங்கள். இந்த ஆண்டே இருவரும் இதய மருத்துவரைப் பார்த்து, அவர் சம்மதித்தால் கைலாயத்துக்கு விண்ணப்பியுங்கள். லடாக் மனத்தில் இருந்தால், லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், விமானத்தில் போய் இறங்கிய முதல் இரண்டு நாள்கள் அறையைவிட்டு அதிகம் நகரக்கூடாது. அங்கோருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நர்மதைக் கரையை வண்டியில் வலம்வருவதை 70க்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம், நதி காத்திருக்கும். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் வயது ஏற ஏறக் கட்டணமும் நிபந்தனைகளும் ஏறும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கனடாவில் ஒரு நாள் மருத்துவமனைச் செலவு நம் ஓர் ஆண்டு ஓய்வூதியத்தை விழுங்கிவிடக்கூடும்.

வருந்துவீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வருந்துவீர்கள், அம்மா. பத்திரம் பதிந்த அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒருமுறையும், அடுத்த ஏப்ரலில் மதுரை வெயில் தகிக்கும்போது ஒருமுறையும், பிளம்ஸ் பழுக்கும் மாதத்தில் ஒருமுறையும். அந்த மரத்தின் கன்றைக் கொண்டுவந்து மதுரையில் நடலாம் என்ற யோசனை வரும். மதுரை வெயிலில் அது பிழைக்காது. வருத்தம் வரும் என்பதற்காக எடுத்த முடிவு தவறாகிவிடாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நன்றாக வாழ்ந்த ஓர் இடத்தை விட்டு வருபவர்களுக்கு வருத்தம் வராமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். விற்பதற்கு முன் ஒரு முறை, பழுது பார்க்கும் சாமான்களை மதுரையிலேயே விட்டுவிட்டு, மகளையும் மகனையும் வரச்சொல்லி, பத்து நாள்கள் அங்கே தங்குங்கள். ஓடு ஒழுகினால் கீழே ஒரு பாத்திரம் வையுங்கள், போதும்.

குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. உங்கள் கணவருக்கு அப்போது 70 வயது இருக்கும். அதைப் பார்க்க அங்கே வீடு இருக்க வேண்டியதில்லை. பூப்பு உச்சத்தில் இருக்கும் மாதத்தில் அறை கிடைப்பது கடினம் என்பதால் ஆறு மாதம் முன்பே பதிவு செய்துகொண்டு, ஒரு வாரம் போய்த் தங்குங்கள். வீட்டை வாங்குபவரிடம் பிளம்ஸ் மரத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எழுதிக் கட்டாயப்படுத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் நேரில் கேட்டால் பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள், வீட்டை வாங்கியவர் சம்மதித்தால், வில்பட்டிச் சாலையில் நடந்துபோய் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.